முடி உதிர்தல்: உடலியலும் சந்தையும்

ஆண்டுகள் பல கடந்தும் உமக்கு நரை தோன்றாதிருப்பது எவ்வாறு என வினவியோருக்குப் பிசிராந்தையார் கூறிய விடை புறநானூற்றின் 191ஆம் பாடலாக நமக்குக் கிடைத்துள்ளது. அவ்விடையில் மருந்து இல்லை, தைலம் இல்லை, தெய்வத்தின் அருளும் இல்லை. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் எண்ணத்தோடு ஒத்து நடக்கும் ஏவலர், முறை தவறாத அரசன், ஊரில் வாழும் சான்றோர் என்பனவே அவர் காட்டும் காரணங்கள். தலைமயிரில் நிகழும் மாற்றமொன்றுக்குத் தலைக்கு வெளியே, மனிதர் வாழும் உறவுகளில் காரணந் தேடிய குரல் அது. அப்பாடலில் இடம்பெறும் ஏவல் இளையரின் தலை நரைத்திருந்ததா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருப்பின் விடை வேறாக இருந்திருக்கும். ஒருவர் பெறும் கவலையின்மை மற்றொருவரின் உழைப்பில் தங்கியிருக்கலாம் என்பதைப் பாடல் தன்னையறியாமலே சொல்லிவிடுகிறது. எனினும் வினாவை அணுகிய முறை சரியானதே. கடும் நெருக்கடி நரம்புகளின் வழியாக மயிருக்கு நிறமூட்டும் மூலக்கலங்களை அழிக்கின்றது என்பதை 2020இல் எலிகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்று காட்டியது.

நாம் இங்கு நரையை விடுத்து முடி உதிர்தலை எடுத்துக்கொள்கிறோம். இலக்கிய மாணவருக்கு இதில் என்ன அலுவல் என்ற ஐயம் எழலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வெளிவந்த தமிழ் இதழ்களைப் புரட்டுவோர் சிறுகதைக்கு எதிர்ப்பக்கத்திலே கூந்தல் தைல விளம்பரத்தைக் காணாதிருப்பது அரிது. நமது நவீன இலக்கியத்தைத் தாங்கிய ஏடுகள் பலவற்றை இவ்வெண்ணெய்களும் ஓரளவு தாங்கின. அன்று ஏட்டின் மூலையிலிருந்த அதே வாக்குறுதி இன்று கைத்தொலைபேசியின் திரையில் நாள்தோறும் வந்து நிற்கின்றது. முடி உதிர்வது உன் கவனக்குறைவு, அதனைத் தடுப்பது எமது குப்பி என்பதே அவ்வாக்குறுதியின் சாரம். இதனைப் பரிசீலிப்பதற்கு முதலில் உடல் என்ன செய்கின்றது என்பதை அறிதல் வேண்டும்.

கண்ணுக்குப் புலனாகும் மயிர்த்தண்டு கெரற்றின் என்னும் புரதத்தாலான உயிரற்ற பொருள். உயிருள்ள பகுதி தோலினுள்ளே, மயிர்ப்புடைப்பு என உயிரியல் நூல்கள் வழங்கும் நுண்ணிய பையின் அடியில் உள்ளது. தலைத்தோலில் ஏறத்தாழ 1,00,000 புடைப்புகள் உண்டு. அவை யாவும் கருவிலேயே அமைந்துவிடுகின்றன. பிறந்தபின் புதியன தோன்றுவதில்லை. ஒவ்வொரு புடைப்பும் இடையறாது தொழிற்படுவதன்று. 2 முதல் 6 ஆண்டுகள் வரை அது மயிரை வளர்க்கும், மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வீதத்தில். பின்னர் இரண்டு மூன்று வாரங்களில் சுருங்கி, மூன்று மாதமளவில் ஓய்வெடுக்கும். ஓய்வின் முடிவில் பழைய மயிர் கழன்று விழ, அதே புடைப்பிலிருந்து புதியது முளைக்கும். எனவே உதிர்தல் என்பது வளர்ச்சிக்கு எதிரானதன்று, அதன் ஒரு கட்டமேயாகும். இயக்கவியலைப் பாடநூலிற் படித்துச் சலித்தவர்கள் தம் சீப்பைப் பார்க்கலாம்.

எந்த நேரத்திலும் தலைமயிரில் பத்திலொரு பங்கு, அதாவது ஏறத்தாழ பத்தாயிரம், ஓய்வுநிலையில் இருக்கின்றது. அப்பத்தாயிரமும் நூறு நாட்களில் உதிர்வதாயின் நாளொன்றுக்கு நூறு மயிர் உதிரும். 50 முதல் 100 வரை இயல்பு என வைத்தியர்கள் கூறுவதன் கணக்கு இதுவே. வெள்ளிக்கு வெள்ளி மட்டும் தலைமுழுகும் பெண், ஒரு கிழமையாகப் பின்னலுக்குள் தங்கியிருந்த மயிரனைத்தும் ஒருங்கே கழன்று வருவதைக் கண்டு பதறுகிறாள். வாரிய மயிரின் நுனியில் வெண்ணிறக் குமிழைக் காணும்போது ‘வேரோடு கொட்டுகிறதே’ என்ற அச்சம் மேலும் பெருகும். அக்குமிழ் வேரன்று. ஓய்வுக்காலத்தில் மயிரின் அடிப்பகுதி தடித்துக் கெட்டிப்பட்டதன் அடையாளமே அது. புடைப்பு தோலினுள்ளே பத்திரமாக இருக்கின்றது. இதற்கு மாறாக, குமிழின்றி இடையிலே முறிந்த மயிர் வெளிச்சேதத்தால் வந்தது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எம்மருத்துவமும் தொடங்க இயலாது.

இவ்வட்டம் குலைவதற்கு மிகப் பொதுவான வழியை அமெரிக்கத் தோல்நோய் அறிஞர் அல்பேட் கிளிக்மன் 1961இல் விளக்கினார். கடுங்காய்ச்சல், பிரசவம், சத்திரசிகிச்சை, உணவைத் திடீரெனக் குறைத்தல், பேரதிர்ச்சி முதலியன நேரும்போது வளர்நிலையிலிருந்த புடைப்புகள் பெருந்தொகையாக ஒரே வேளையில் ஓய்வுக்குச் செல்கின்றன. ஓய்வு மூன்று மாதமாதலால் முடியும் இரண்டு மூன்று மாதங்களின் பின்னரே கொத்தாக உதிரும். டெங்கு வந்து மாறிய பின்னும், கொவிட் தொற்றின் பின்னும் பலர் கண்டது இதனையே. காய்ச்சல் மறந்துபோன பின் உதிர்தல் வருவதால் இரண்டுக்குமுள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்வாரம் மாற்றிய சவர்க்காரமோ புதிதாக வந்த கிணற்று நீரோ பழியை ஏற்கின்றது. பிள்ளை தாயின் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் பெண்களிடையே ஒரு பேச்சு உண்டு. காரணம் பிழை, ஆனால் கால அவதானிப்பு வியக்கத்தக்க அளவு சரியானது. கர்ப்பகாலத்து ஓமோன்கள் உதிரவிடாது தடுத்து வைத்திருந்த மயிர், பிரசவத்தின் பின் மூன்றாம் மாதமளவில் ஒருமிக்கக் கழல்கின்றது. அக்காலத்திலேதான் பிள்ளையும் முகம் பார்க்கின்றது.

இவ்வகை உதிர்தல், அதற்கான காரணம் நீங்கியிருப்பின், ஆறு மாதமளவில் தானாகவே நின்றுவிடும். நெற்றியோரத்தில் குறுமயிர்கள் முளைக்கும். இங்குதான் சந்தை நுழைகின்றது. அச்சம் உச்சத்திலிருக்கும் நான்காம் மாதத்தில் ஒரு பெண் குப்பியொன்றை வாங்குகிறாள் என்று கொள்வோம். இரண்டு மாதம் பூசுகிறாள். உதிர்தல் நிற்கின்றது, புதுமயிர் தெரிகின்றது. அவள் அயலவளுக்குச் சொல்கிறாள். அவள் சொல்லும் சாட்சியம் பொய்யன்று. தான் கண்டதையே சொல்கிறாள். ஆனால் அவள் கண்டது தன் உடலின் வேலையை. அதற்குப் பெயர் பெற்றதோ குப்பி. மனிதர்க்கிடையிலான உறவுகள் பண்டங்களின் இயல்பான குணங்களைப் போலத் தோற்றமளிப்பதை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் விளக்கினார். அவர் பேசியது உழைப்பையும் மதிப்பையும் பற்றி, தலைமயிரைப் பற்றியன்று. ஒப்புமையை அளவுக்கு மிஞ்சி இழுப்பது சரியாகாது. எனினும், உடலினதும் காலத்தினதும் தொழிற்பாடு பண்டத்தின் மாயசக்தியாகத் தலைகீழாகத் தோன்றும் முறையில் ஒரு குடும்பச் சாயல் இருக்கவே செய்கின்றது. தானாக மாறும் நோயைக் காட்டிலும் சிறந்த விளம்பரம் எந்த மருந்துக்கும் கிடைக்காது.

இருபத்தொரு நாளில் அடர்த்தி, ஒரு மண்டலத்தில் நீளம் என்பன போன்ற வாக்குறுதிகளை மேற்கூறிய கணக்கோடு ஒப்பிடுக. இருபத்தொரு நாளில் மயிர் வளரக்கூடிய நீளம் ஏழு மில்லிமீற்றர். ஓய்விலுள்ள புடைப்பு விழிக்கவே மூன்று மாதம் வேண்டும்.

அவ்வாறாயின் எண்ணெய் முழுவதும் வீணா என்ற வினா எழும். இவ்விடத்தில் திருவிளையாடற் புராணத்து நக்கீரர் நினைவுக்கு வருகிறார். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் இல்லை, பூவும் பூச்சுமே மணந்தருவன என்று வாதிட்டு நெற்றிக்கண்ணுக்கும் அஞ்சாது நின்றவர் அவர். சங்கறுக்கும் தொழிலோர் குலத்தவராக அவரை மரபு சித்திரிப்பதும் கவனிக்கத்தக்கது. கையால் பொருளைக் கையாள்வோன் பொருளின் குணத்தைப் பொருளிலே தேடுகிறான். நாமும் தண்டையும் புடைப்பையும் பிரித்து நோக்குவோம். உயிரற்ற தண்டுக்கு ‘ஊட்டம்’ அளித்தல் என்பது இயலாத காரியம். ஆனால் அதனைக் காத்தல் இயலும். தேங்காய் எண்ணெய் மயிர்த்தண்டினுள் ஊடுருவி, கழுவும்போது நிகழும் புரத இழப்பைக் குறைக்கின்றது. கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை என்பது 2003இல் வெளியான ஆய்வொன்றின் முடிவு. அதிலுள்ள லோரிக் அமிலத்தின் சிறிய, நேரான மூலக்கூறே காரணம் எனப்படுகின்றது. அவ்வாய்வு தேங்காய் எண்ணெய் விற்கும் மும்பை நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்தில் நிகழ்ந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். அதனால் மட்டும் முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் எவ்வினாக்கள் கேட்கப்பட்டன, எவை கேட்கப்படவில்லை என்பதை அது ஓரளவு விளக்கும். சுருங்கக் கூறின், நமது ஆச்சிமார் தலைமுழுகுமுன் தேங்காய் எண்ணெய் தேய்த்தது முறிவைத் தடுக்கும் நல்ல வழக்கம். உதிர்வைத் தடுக்கும் மருந்தன்று. பொடுகு மிகுந்த தலையிலோ எண்ணெயை நெடுநேரம் விட்டுவைப்பது கேடாகும். பொடுகோடு தொடர்புடைய மலசேசியா என்னும் மதுவவகை நுண்ணுயிர் கொழுப்பை உண்டு வாழ்வது.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறையிலிருந்து வரும் கிணற்று நீர் முடியைக் கொட்டச் செய்கின்றது என்பது பரவலான நம்பிக்கை. வன்னீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து படிவை உண்டாக்குகின்றது. அப்படிவு தங்கிய மயிர் சொரசொரத்துச் சிக்குப்பட்டு வாரும்போது முறிகின்றது. தோலினுள்ளே இருக்கும் புடைப்பை அந்நீர் தீண்டுவதில்லை. அரப்பும் எலுமிச்சையும் வைத்து முழுகிய காலத்தில் சவர்க்காரப் படிவு இல்லாதிருந்தமை இயல்பே. ஈரத்தலையை இறுக்கிக் கட்டாதே என்ற அறிவுரைக்கும் அடிப்படை உண்டு. நீர் பட்டதும் கெரற்றினைப் பிணைக்கும் ஐதரசன் பிணைப்புகள் தளர்வதால் ஈரமயிர் எளிதில் நீண்டு முறியும். அகன்ற பல் சீப்பு, நுனியிலிருந்து சிக்கெடுத்தல், சூட்டுக் கருவிகளையும் மயிரை நேராக்கும் இரசாயனங்களையும் தவிர்த்தல் என்பவற்றுக்கு மேல் இதில் பேசுவதற்கு அதிகமில்லை.

உணவைப் பற்றிய பகுதி இதனினும் பாரதூரமானது. 1930களில் அன்றைய பொன்கரை எனப்பட்ட ஆபிரிக்கக் குடியேற்ற நாட்டில் பணியாற்றிய வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ், புரதப் பற்றாக்குறையால் நலிந்த குழந்தைகளின் நோயை அவ்வூர் மக்கள் வழங்கிய குவாசியோர்க்கர் என்னும் பெயராலேயே மருத்துவ உலகுக்கு அறிமுகஞ் செய்தார். அந்நோயில் மயிர் மெலிந்து, நிறம் வெளிறிச் செம்மை படர்ந்து, எளிதிற் கழன்றுவிடும். குழந்தை சில மாதம் உண்டும் சில மாதம் பட்டினியுற்றும் வளர்ந்திருப்பின் ஒரே மயிரில் கருமையும் வெளிறலும் மாறிமாறிப் பட்டைகளாகத் தெரியும். வைத்தியர்கள் இதனைக் கொடி அடையாளம் என்பர். மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் என்ற கணக்கைக் கொண்டு அப்பட்டைகளை அளந்தால் பஞ்சம் எப்போது வந்தது, எவ்வளவு காலம் நீடித்தது என்பதைப் படித்தறியலாம். அரசாங்க அறிக்கைகளில் இடம்பெறாத வரலாறு தலையில் எழுதப்பட்டிருக்கின்றது.

நம் நாட்டில் வயதுவந்த பெண்ணிடத்து இக்கொடி தெரிவதில்லை. தெரிவது இரும்புக் குறைபாடு. புடைப்பின் அடியிலுள்ள கலங்கள் உடலில் மிக விரைவாகப் பிரிவடையும் கலங்களைச் சேர்ந்தவை. இரும்பு குறையும்போது உடல் உயிர்காக்கும் உறுப்புகளுக்கு முதலிடம் கொடுத்து மயிரைக் கைவிடுகின்றது. மாதவிடாயாலும் அடுத்தடுத்த பிரசவங்களாலும் குருதியை இழப்பவள் பெண். வீட்டில் மீனும் முட்டையும் கடைசியாகச் சென்றடைவதும் அவளுடைய கோப்பையையே. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது மீன், முட்டை, பால்மா ஆகியவற்றின் விலை ஏறியதும் எந்தக் கோப்பையிலிருந்து அவை முதலில் மறைந்தன என்பதை விளக்க வேண்டியதில்லை. மலையகத்துத் தோட்டத் தொழிலாளியின் நிலையில் ஒரு கசப்பான முரண்பாடும் சேர்கின்றது. தேயிலையிலுள்ள தனின் வகைப் பொருள்கள் தாவர உணவிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்சவிடாது தடுப்பன. ரொட்டியோடு சாயத்தண்ணியைக் குடித்துக் கொழுந்தெடுக்கச் செல்லும் பெண் தான் பறித்த இலையாலேயே தன் குருதியின் இரும்பையும் இழக்கிறாள். தேநீரை உணவுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ பின்போ குடிப்பதும், கீரையோடு தேசிக்காய்ப் புளி சேர்ப்பதும் இவ்விழப்பைக் குறைக்கும். ஆனால் வேலைநாளின் இடைவேளை எத்தனை நிமிடம் என்பதை நிர்ணயிப்பவள் அவளல்லள். பொன்னாங்காணியையும் கையாந்தகரையையும் எண்ணெயிற் காய்ச்சிப் பூசுவோர் அவற்றைச் சுண்டி உண்டால் உடலுக்குக் கூடுதல் பயனாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

சத்துக் குறைபாட்டையும் சந்தை விட்டுவைக்கவில்லை. பயோற்றின் என்னும் விற்றமின் மாத்திரை முடிக்கென்றே விற்கப்படுகின்றது. சாதாரண உணவு உண்பவரிடத்து பயோற்றின் குறைபாடு மிக அரிது. குறைபாடில்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. கூடுதலாக உட்கொண்ட பயோற்றின் சிலவகைக் குருதிப் பரிசோதனைகளைப் பிழையாகக் காட்டச் செய்யும் என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2017இல் எச்சரித்தது. தைரொயிட்டுச் சுரப்பியின் பரிசோதனையும் அவற்றுள் ஒன்று. தைரொயிட்டுக் கோளாறு முடி உதிர்தலுக்கு ஒரு முக்கிய காரணம். ஆக, முடிக்காக வாங்கிய மாத்திரை முடி உதிர்வதன் உண்மைக் காரணத்தையே மறைத்துவிடக்கூடும்.

இதுவரை கூறியவை மீளக்கூடியவை. ஆடவரின் வழுக்கை வேறு. அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹமில்ரன் 1942இல், பருவமடையுமுன் விதைநீக்கம் செய்யப்பட்டோருக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், ஆண் ஓமோன் ஏற்றப்பட்டபோது பரம்பரைப் போக்குடையோருக்கு அது தோன்றியதையும் காட்டினார். டொமினிக்கன் குடியரசில் ஒருவகை நொதியம் பிறவியிலேயே குறைந்த குடும்பங்களைப் பற்றி 1974இல் வெளியான ஆய்வு அடுத்த படி. அந்நொதியம் ரெஸ்ரொஸ்ரெரோனை மேலும் வீரியமுள்ள ஓமோனாக மாற்றுவது. அது குறைந்த ஆடவருக்கு வழுக்கை விழவில்லை. பரம்பரையால் நுண்ணுணர்வு பெற்ற புடைப்புகளை அவ்வோமோன் தலைமுறைதோறும் சுருக்கி, தடித்த மயிரைப் பூனைமயிராக்குகின்றது. இங்கு தலைமுறை என்றது மயிரின் தலைமுறையை. தொப்பியும் தலைக்கவசமும் இதற்குப் பொறுப்பல்ல. பெண்களிடத்து இது நெற்றியோரத்தை விட்டு உச்சிப் பிரிப்பு அகலுவதாக வெளிப்படும்.

இதற்கு உண்மையில் பயன்படும் மருந்துகள் மிகச் சிலவே. குருதி அழுத்தத்துக்கெனக் கொடுக்கப்பட்டு, மயிர் வளர்வதைப் பக்கவிளைவாகக் காட்டிய மினொக்சிடில், பூசுமருந்தாக 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மேற்கூறிய நொதியத்தைத் தடுக்கும் பினாஸ்ரெரைட் 1997இல் ஆடவர் வழுக்கைக்கு அனுமதிக்கப்பட்டது. அது சிலரிடத்துப் பாலுறவு சார்ந்த பக்கவிளைவுகளை உண்டாக்கும், கர்ப்பிணிகள் கையாளவும் ஆகாது. இரண்டையும் நிறுத்தினால் பெற்ற பயன் போய்விடும். எனவே வழுக்கையை அப்படியே விட்டுவிடுவதும் நியாயமான ஒரு தெரிவே. தம் நிலையினின்று தாழ்ந்தோரைத் தலையினின்று வீழ்ந்த மயிருக்கு ஒப்பிட்ட 964ஆம் குறள் முதல் இன்றைய மணமகன் தேடல்வரை, உதிர்ந்த மயிரை மதிப்பிழப்பின் குறியாக நோக்கும் மனப்பாங்கு நம்மிடம் ஆழ வேரூன்றியுள்ளது. உடலுக்கு எத்தீங்கும் செய்யாத வழுக்கை உள்ளத்தை வருத்துவது அதனாலேயே.

‘புழுவெட்டு’ என நம்மவர் வழங்கும், காசளவு வட்டமாக முடி நீங்கும் நோயில் புழு எதுவும் இல்லை. உடலின் நிர்ப்பீடனத் தொகுதி தன் புடைப்புகளையே தாக்குவதால் அது நேர்கின்றது. சிறு வட்டங்கள் பெரும்பாலும் தாமாகவே மூடிவிடும்; கடுமையான வகைக்கு 2022இல் பரிசிற்றினிப் என்னும் மருந்து அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. இவ்வட்டத்தில் வெங்காயத்தையும் மிளகையும் அரைத்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்குவோர் பலர். குழந்தையின் தலையில் செதிலோடும் முறிந்த மயிரோடும் தோன்றும் வட்டமோ பங்கசுத் தொற்றாக இருக்கலாம். அது சீப்பு வழியாகவும் பரவும். பூச்சுமருந்தால் மட்டும் தீராது. உட்கொள்ளும் மருந்து வேண்டும்.

இறுதியாக, இழுவையால் வரும் உதிர்தல். நமது பாடசாலைகளில் மாணவியர் இரட்டைப் பின்னலை இறுகப் பின்னி மடித்துக் கட்டுதல் ஒழுங்கின் அடையாளமாகக் கருதப்படுகின்றது. நெற்றியோரமும் காதோரமும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு இழுபடுமாயின் அவ்வோர மயிர் மெலியும். பின்னலைத் தளர்த்துவதற்குச் செலவு எதுவுமில்லை. அதிபரின் இசைவு போதும். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சரிவேறும் பெண்ணின் நிலை அவ்வாறன்று. கயிறு அழுத்தியும் உராய்ந்தும் இழுத்தும் நிற்கும் இடம் அவளது தலைத்தோல். அதனைத் தளர்த்தினால் கூடை விழும், நிறை குறையும், கூலி குறையும்.

தொடக்கத்தில் இழுவை நீங்கினால் இம்மயிர் மீளும். ஆண்டுகள் செல்லச் செல்லப் புடைப்பு அழிந்து அவ்விடம் வடுவாகிவிடும். வேறு சில தோல்நோய்களும் இவ்வாறே வடுவில் முடிவன. தோல் பளபளத்து, புடைப்பின் வாய்கள் மறைந்து, எரிவோ வலியோ செம்மையோ தோன்றுமாயின் அது இவ்வகையின் அறிகுறி. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் உதிர்தலுக்கும், சோர்வும் மூச்சுவாங்குதலும் சேர்ந்த உதிர்தலுக்கும் குருதிப் பரிசோதனை வேண்டும். வடு வகைக்கு வாரக்கணக்கில் காத்திருப்பதும் ஆகாது. அரசாங்கப் பெரிய வைத்தியசாலைகளின் தோல்நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கு செல்ல ஒருநாட் கூலியை இழக்க வேண்டும். குப்பியோ தோட்டத்துக் கடையிலேயே கிடைக்கின்றது. அக்குப்பி தீரும்வரை, பின்னர் இன்னொன்று தீரும்வரை பார்ப்போம் என்று கழியும் மாதங்களில்தான் மீளக்கூடியது மீளாததாக மாறுகின்றது.